கணக்குப் படிப்பும் காவிரி நீரும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில், தஞ்சைப் பகுதியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு ஓய்வு என்பதே இராது. திண்ணையில் வந்து அமரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பர். "ஐயா, பிள்ளை கணக்கில் கெட்டி. கணக்கையே எடுத்துப் படித்தால் வாத்தியார் வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?" கேட்பவரிடமே அதற்கு விடை இருக்கிறது, அவருடைய வயலிலும் வாய்க்காலிலும் இருக்கிறது. ஆனால் அந்த விடை பட்டப் படிப்பைத் தொடங்கும்போதே திட்டமிடுபவர்க்குத்தான் பயன்படும். அத்திட்டத்தைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

பயன்பாட்டுக் கணிதம் என்பது தனியானதொரு கணிதம் அன்று. கணிதத்திற்கு வெளியே உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனைச் சமன்பாடாக எழுதி, விடை கண்டு, அவ்விடை மெய்யுலகோடு ஒத்துவருகிறதா என்று திரும்பவும் சோதித்துப் பார்க்கும் கலை அது. இறுதியில் கூறிய சோதனையைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நமக்கு நன்கு தெரிந்த மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்வோம். அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 15,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் எவ்வளவு நீர் வெளியேறும்? ஒரு நாளைக்கு 86,400 வினாடி, பெருக்கினால் 129.6 கோடி கன அடி. ஆகவே, வரத்தே இல்லையெனில், நிறைந்த அணையும் 72 நாளில் வறண்டுவிடும். குறுவை நெல்லுக்கே ஏறத்தாழ 110 நாள் வேண்டும். சம்பாவுக்கு ஐந்து மாதம். வழக்கமான சூன் 12ஆம் நாள் அணை திறந்தாலும், மேலிருந்து வரும் நீரைப் பற்றி நாம் ஏன் அத்துணைக் கவலை கொள்கிறோம் என்பது இந்தப் பெருக்கல் கணக்கிலேயே விளங்கிவிடும்.

இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. அடுத்த கேள்வி கல்லூரிக்கு உரியது. நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கினால் அணையில் பாதி நீர் இருக்குமா? இராது. பள்ளத்தாக்கு மேலே செல்லச் செல்ல அகலும். நீர்ப்பரப்பு உயரத்தோடு ஒரே விகிதத்தில் விரிவதாகக் கொண்டால், தொகை நுண்கணிதம் உடனே சொல்லிவிடும்: கொள்ளளவு உயரத்தின் வர்க்கத்தைப் போல் வளரும், பாதி உயரத்தில் கால் பங்கு நீரே இருக்கும். மேட்டூரின் உண்மையான அளவும் இதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. செய்தித்தாளில் "நீர்மட்டம் இத்தனை அடி" என்று மட்டும் படித்து மனம் நிறைவடைபவர் ஏமாந்து போவது இதனால்தான்.

இன்னும் ஒரு படி ஏறுவோம். வரும் நீர் நாள்தோறும் மாறுகிறது. வெயிலில் ஆவியாவதும் உண்டு. இருப்பு மாறும் வேகம், வரத்திலிருந்து செலவையும் ஆவியாதலையும் கழித்தது என்று எழுதினால் அது வகைக்கெழுச் சமன்பாடு ஆகிவிடுகிறது. வரத்து சூத்திரத்தில் அடங்காதபோது நாள் நாளாகக் கணித்துச் செல்ல எண்ணியல் முறைகள் வேண்டும். அதற்குக் கணினி நிரல் வேண்டும். மழை ஏமாற்றும் அளவை அறிய நிகழ்தகவு வேண்டும். கல்லணைக்கு வந்த நீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும், நம் ஊரார் புது ஆறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் எந்த அளவில் பிரித்தால் கடைமடை வரை பயிர் காயாது என்று ஆராய்வது நேரியல் திட்டமிடல். ஓர் ஆற்றைத் தொடர்ந்து நடந்தால் பாடத்திட்டத்தின் பாதி வழியில் வந்து நிற்கிறது, பாருங்கள்.

இனிக் கல்லூரிக்கு வருவோம். பயன்பாட்டுக் கணிதம் என்ற பெயரிலேயே இளமறிவியல் பட்டம் தரும் கல்லூரிகள் நம் பக்கத்தில் அரியவை. கணிதப் பட்டம் என்றே இருக்கும். அதைப் பயன்பாட்டுப் பட்டமாக ஆக்கிக்கொள்வது மாணவன் கையில் இருக்கிறது. முதன்மைப் பாடத்தோடு துணைப் பாடமும், பின்னர் விருப்பப் பாடமும் வரும். துணைப் பாடமாக எதனைக் கொண்டால் எளிதில் மதிப்பெண் கிட்டும் என்று விசாரிப்பதே வழக்கமாக இருக்கிறது. என் கருத்து வேறு. புள்ளியியலும் இயற்பியலும் கிடைக்கும் கல்லூரியாகத் தேடுங்கள். கணினி நிரல் பாடத்தில் இல்லையெனில் முதல் ஆண்டு விடுமுறையிலேயே தாமாகக் கற்கத் தொடங்குங்கள்.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "நான் பயன்பாட்டுக்காரன், எனக்கு மெய்ப் பகுப்பாய்வு எதற்கு?" என்று சில மாணவர் கேட்பர். கணினி தரும் விடை உண்மையான விடையை நெருங்குகிறதா, அன்றி விலகி ஓடுகிறதா என்று அறிவிப்பது அந்தப் பாடமே. வரம்பு கட்டாத வயலில் நீர் நிற்குமா? நேரியல் இயற்கணிதமும் அத்தகையதே. இவ்விரண்டையும் மனப்பாடம் செய்து தேறிவிட்டு மேலே செல்பவர், முதுநிலைக்கான நுழைவுத் தேர்வில் தடுக்கி விழுகின்றனர்.

புள்ளியியலை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு எவ்வளவு என்பதற்கு, பயிர் அறுவடைப் பரிசோதனை முக்கிய அடிப்படை. சில வயல்களைத் தேர்ந்து, ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள துண்டில் விளைந்த நெல்லை அறுத்து நிறுப்பர். அதனை 400ஆல் பெருக்கினால் எக்டேருக்கு விளைச்சல். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நான்கு வயல்களில் 14, 9, 12, 5 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்க. சராசரி 10 கிலோ. எக்டேருக்கு 4,000 கிலோ. ஐந்து கிலோ விளைந்த பள்ளக்கால் வயலுக்குப் பதிலாக 13 கிலோ விளைந்த மேட்டு வயல் தேர்வாகியிருந்தால்? சராசரி 12 கிலோ. எக்டேருக்கு 4,800 கிலோ. ஒரு வயல் மாறியதால் ஊர் முழுமைக்கும் 800 கிலோ வேறுபாடு! மழையில் மூழ்கிய குடும்பத்துக்குப் பணம் வருமா வராதா என்பதே இதில் மாறிப்போகக்கூடும். வயலை விருப்பப்படி பொறுக்காமல், சீட்டுக் குலுக்குவதைப் போல் வாய்ப்புமுறையில் தேர வேண்டும் என்பது இதனால்தான். எத்தனை வயல் போதும்? பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு வயல்கள் வேண்டும் என்கிறது புள்ளியியல். செலவும் நான்கு மடங்கு. இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் நம் கிராமத்துப் பிள்ளையாக ஏன் இருத்தலாகாது?

விளைச்சலை இவ்வாறு மாதிரி எடுத்து அறியும் முறையை இந்நாட்டில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் வங்காளத்தைச் சேர்ந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். மகலனோபிஸ் பல்லாண்டு மழை, வெள்ளக் குறிப்புகளை ஆராய்ந்து படுகை உயரவில்லை என்று காட்டினார். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். இயற்பியல் அறிவும் கணிதப் பயிற்சியும் ஆற்றங்கரையில் ஒன்றுகூடிய கதை இது.

கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராக இருந்தவர் நம் கும்பகோணத்து இராமானுஜன். இப்பெயரைச் சொன்னதும் எழும் ஒரு வாதத்திற்கு விடை கூறியாக வேண்டும். "இராமானுஜன் மற்றப் பாடங்களைப் படித்தாரா?" என்று மாணவர் பலர் என்னையே மடக்கியிருக்கின்றனர். வரலாறு இதுதான். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றவற்றை விட்டதால் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வாழ்வைத் திருப்பியது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் பேரில் பட்டம் அளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்ட வறுமையை மறந்துவிட்டு அந்தக் கதையைச் சொல்வது முறையன்று. ஒரு கடிதத்தை ஒருவர் படிக்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மேதைக்கே வழி அத்துணைக் குறுகலாக இருந்தது. மேலும், பயன்பாட்டுக் கணிதத்தில் மொழிப் பாடமும் வீண் அன்று. கண்ட முடிவைப் பொறியாளருக்கும் உழவருக்கும் விளங்க எழுதத் தெரியாதவன் கணக்கு ஏட்டோடு நின்றுவிடும்.

மூன்றாம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் செய்ய வாய்ப்பிருந்தால், இணையத்திலிருந்து எடுத்த ஆயத்தப் பொருள் வேண்டா. உங்கள் ஊர் மதகு ஒன்றில் ஒரு மாதம் நீர்மட்டத்தைக் குறித்துத் தொடங்குங்கள். அதில் வரும் குளறுபடிகள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை.

மேற்படிப்புக்குப் பல வாயில்கள் உள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் கணித முதுநிலையில் சேர 'ஜாம்' என்னும் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. சென்னைக் கணிதவியல் நிறுவனமும், மேலே கூறிய புள்ளியியல் நிறுவனமும் தத்தம் தேர்வுகளை நடத்துகின்றன. 'ஜாம்' தேர்வு பிப்ரவரியில் நடைபெறும். ஆனால் விண்ணப்பம் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டி வந்துவிடும். நம் வீடுகளில் சம்பா நடவு நடக்கும் வேளை அது. நடவுக்கு ஆள் தேடும் அவசரத்தில் கடைசி நாள் கடந்துவிடாதபடி, அந்தத் தேதியை முன்னதாகவே வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.