பார்த்தால் ஒன்று, ஓட்டினால் வேறு

ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரிகள் உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில்தான் மினியாபொலிஸ் நகரின் மாநாட்டு மையத்தில் படகுக் கண்காட்சி கூடுகிறது. வரும் கோடையில் தண்ணீரில் இறங்க நினைக்கும் குடும்பங்கள் கம்பளிக் கோட்டோடு வந்து, டிரெய்லர்மேல் நிற்கும் படகுகளில் ஏறி உட்கார்ந்து பார்க்கின்றன. 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டுமே 11,842 உள்ள மாநிலம் அது. 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் காலில் பலகைகளைக் கட்டிக்கொண்டு நீர்ச்சறுக்கு விளையாட்டைத் தொடங்கிவைத்ததும் அங்குள்ள பெப்பின் ஏரியில்தான்.

கண்காட்சிக்கு வரும் பலருக்கும் பெரிய படகு தேவையில்லை. 18 முதல் 20 அடி நீளத்தில், குடும்பத்தோடு பாதி நாள் சுற்றிவிட்டுக் காரில் கட்டி இழுத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடக்கூடிய ‘ரன்அபவுட்’ போதும். அதில் இன்று அதிகம் விலைபோவது ‘பவ்ரைடர்’. ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியைத் தாண்டி, படகின் முன்முனையான அணியத்திலும் இருக்கை போட்ட படகு இது. பிள்ளைகள் முதலில் ஓடிப்போய் இடம் பிடிப்பது அங்கேதான்.

சிக்கல் என்னவென்றால், இந்த ரகப் படகுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே வெள்ளை ஃபைபர் உடல், அதே வளைந்த இருக்கைகள், நீளத்திலும் சில அங்குலங்களே வித்தியாசம். இரண்டு வெவ்வேறு பிராண்டுகள் என்று நினைத்து ஒப்பிடுபவை ஒரே முதலாளியின் படகுகளாகக்கூட இருக்கலாம். பேலைனர், சீ ரே ஆகிய இரண்டு நிறுவனங்களையும் 1986-இல் பிரன்ஸ்விக் நிறுவனம் வாங்கிவிட்டது. மெர்க்குரி என்ஜின்களும் அதனுடையவைதான். ஆகவே பிராண்டு பெயரை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. மெத்தையின் நிறத்தையும் ஒலிபெருக்கியின் எண்ணிக்கையையும் வைத்து முடிவெடுப்பது இன்னும் மோசம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் எங்கே இருக்கிறது என்பதை. சீ ரே நிறுவனம் எஸ்பிஎக்ஸ் 190 என்ற படகை இரண்டு விதமாக விற்றிருக்கிறது. ஒன்றில் என்ஜின் படகுக்குள்ளேயே, பின் இருக்கைக்குப் பின்னால் மூடிக்குக் கீழே இருக்கும். ப்ரொப்பல்லரைச் சுழற்றும் கால்பகுதி மட்டும் வெளியே நீண்டிருக்கும். இதற்கு ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். வால்வோ பென்டா 1959-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. இன்னொன்றில் முழு என்ஜினும் படகின் பின்பக்கத்துக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு. பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வாங்கும் குடும்பத்தின் அன்றாடம் இதனால் அடியோடு மாறும்.

ஸ்டெர்ன்டிரைவ் படகில் பின்பக்கம் முழு அகலத்துக்கும் ஒரு மேடை கிடைக்கிறது. நீந்திவிட்டு வரும் பிள்ளைகள் ஏணியில் ஏறி அங்கேயே உட்காரலாம், கால்களைத் தண்ணீரில் தொங்கவிடலாம். அவுட்போர்டு என்றால் அந்த மேடையின் நடுவே என்ஜின் நிற்கும், இரு ஓரங்களில்தான் இடம். ஆனால் படகுக்குள் என்ஜின் அடைத்துக்கொண்டிருந்த இடம் சாமான் வைக்கக் காலியாகிறது. எடையும் குறைகிறது. மெர்க்குரியின் 150 குதிரைத்திறன் ஃபோர்ஸ்ட்ரோக் அவுட்போர்டு 206 கிலோதான். உள்ளே வைக்கும் வி-6 என்ஜினும் அதன் கால்பகுதியும் சேர்ந்தால் அதைவிடக் கணிசமாகக் கனக்கும்.

குளிர்காலம் வந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பல ஸ்டெர்ன்டிரைவ் என்ஜின்கள் ஏரித் தண்ணீரையே உள்ளிழுத்துச் சூடு தணித்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீரை முழுவதும் வடிக்காமல் விட்டால், உறைந்து விரிந்து என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். அவுட்போர்டை நேராக நிறுத்தினால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். ஆறு மாதம் பனி பெய்யும் ஊரில், ஒவ்வோர் அக்டோபரிலும் மெக்கானிக்குக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

பெட்ரோல் ஆவியும் கவனிக்க வேண்டிய ஒன்று. மூடிய அறைக்குள் பெட்ரோல் என்ஜின் இருப்பதால், ஸ்டெர்ன்டிரைவைக் கிளப்பும் முன் காற்றூதியை நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும் என்று டேஷ்போர்டிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். கசிந்த ஆவி அடியில் தேங்கி நின்றால், ஒரு தீப்பொறியில் படகே வெடித்துவிடும். பரபரப்பாகக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் இந்த நான்கு நிமிடத்தைத் தவறாமல் ஒதுக்கும் பொறுமை வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. படகில் தண்ணீர் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்கச் சட்டப்படி, 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு படகு, ஆட்களோடு தண்ணீர் நிரம்பினாலும் கவிழாமல் சமமாக மிதக்க வேண்டும். அதே நீளமுள்ள ஸ்டெர்ன்டிரைவ் படகுக்கு அந்த அளவு நிபந்தனை இல்லை. ஏதேனும் ஒரு பகுதி நீருக்கு மேல் நின்றால் போதும். 20 அடியைத் தாண்டிவிட்டால் இந்தக் கட்டாயமே கிடையாது. ஆகவே 19 அடி 10 அங்குலப் படகையும் 20 அடி 2 அங்குலப் படகையும் ஒப்பிடும்போது, அந்த நான்கு அங்குலம் சட்டம் தரும் பாதுகாப்பின் எல்லைக் கோடாகிவிடுகிறது. மிதக்கும் திறனை வைத்தே பெயர் வாங்கிய நிறுவனமும் உண்டு. 1961-இல் பாஸ்டன் வேலர் படகு ஒன்றை நடுவில் ரம்பத்தால் அறுக்கும் படங்கள் லைஃப் இதழில் வந்தன. பாதிப் படகு மட்டும் தனியாக மிதந்துகொண்டே போனது.

ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒரு சிறிய தகடு இருக்கும். 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு அது கட்டாயம். எத்தனை பேர், எத்தனை பவுண்டு, அவுட்போர்டு என்றால் அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் அதில் பொறித்திருக்கும். ‘8 பேர்’ என்பதைப் பார்த்தவுடன் மனம் நிறைந்துவிடக் கூடாது. ஆள் கணக்கு எடையிலிருந்து வருகிறது: அனுமதிக்கப்பட்ட பவுண்டுடன் 32-ஐக் கூட்டி 141-ஆல் வகுக்கிறார்கள். அதாவது ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 64 கிலோ. 1,100 பவுண்டு என்று போட்ட படகு எட்டுப் பேர் படகாகிறது. ஆனால் 1,100 பவுண்டு என்பது 500 கிலோகூட இல்லை. 80 கிலோ எடையுள்ள பெரியவர்கள் ஆறு பேர் ஏறினாலே படகு கிட்டத்தட்ட நிறைந்துவிடும். இரண்டு படகிலும் ‘8’ என்று இருந்தாலும், அதற்குக் கீழே உள்ள பவுண்டுக் கணக்கில் எது கூடுதல் என்று பார்ப்பவரே சரியாக ஒப்பிடுகிறார்.

அதே தகடு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 150 குதிரைத்திறன் வரை தாங்கும் படகைக் குறைந்த விலைக்கு விளம்பரம் செய்வதற்காகவே 90 குதிரைத்திறன் என்ஜினோடு விற்பது உண்டு. இருவர் போனால் பிரச்சினை தெரியாது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பின்னால் ஒருவரை நீர்ச்சறுக்குப் பலகையில் இழுக்கும்போது என்ஜின் திணறும்.

அடிப்பகுதியின் வடிவம் அடுத்தது. 1960-இல் மயாமியிலிருந்து நாசோ வரை நடந்த படகுப் பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த ‘மாப்பி’ என்ற 31 அடிப் படகு கொந்தளித்த கடலை எளிதாகக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது. அதன் அடி, கடைசிவரை ஆழமான வி வடிவில் இருந்தது. அன்று முதல் ஆழமான வி என்றாலே உயர்ந்தது என்ற எண்ணம் பரவிவிட்டது. அலையில் அது மென்மையாக ஓடும் என்பது உண்மை. ஆனால் நின்றிருக்கும்போது அதிகம் சாயும், வேகமெடுக்க அதிக சக்தி கேட்கும். மினடோங்கா போன்ற ஏரியில் நங்கூரமிட்டு நீந்துவதே முக்கியப் பொழுதுபோக்கு என்றால், சற்றுத் தட்டையான அடி கொண்ட படகே பாட்டிக்கும் சின்னப் பிள்ளைக்கும் நிம்மதி. சுப்பீரியர் போன்ற பெரிய ஏரியில் காற்றடிக்கும் நாளிலும் போவார்கள் என்றால் முடிவு நேர்மாறு.

காரையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் உள்ள பல நடுத்தர எஸ்யூவிகள் இழுக்கக்கூடியது 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ. விளம்பரத் தாளில் உள்ள எடை பெட்ரோலும் சாமானும் இல்லாத வெறும் எடை. 120 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 90 கிலோ அளவுக்கு வரும். டிரெய்லரின் எடை தனி.

இவ்வளவையும் தாளில் ஒப்பிட்ட பிறகு, இரண்டு படகுகளையும் ஒரே ஏரியில், முடிந்தால் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டவே கூடாது. வெள்ளோட்டம் திருப்தியாக இருந்தால்தான் மீதித் தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். விற்பனையாளரோடு தனியாகப் போகாமல் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். வேகமெடுக்கும்போது அணியம் எவ்வளவு தூக்குகிறது, எத்தனை நொடி முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று கவனிக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும்போது படகு கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து ஏறுகிறதா என்பதும் அங்கேதான் தெரியும். 2021 ஏப்ரல் முதல், அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டிலுள்ள நீர்நிலைகளில் 26 அடிக்குக் குறைவான படகை வேகமாக ஓட்டுபவர் என்ஜினை நிறுத்தும் கயிற்றைத் தன் உடலோடு மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்து, என்ஜின் உடனே நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பழைய படகு என்றால் சோதனை இன்னும் கூடும். என்ஜினைத் தாங்கும் பின்பலகைக்குள் பழைய படகுகள் பலவற்றில் மரம் இருக்கும். திருகு போட்ட ஓட்டை வழியே நீர் புகுந்தால் வெளியே பளபளப்பு குறையாமலேயே உள்ளே உளுத்துவிடும். சிறு சுத்தியலின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினால், நல்ல இடம் ‘டக்’ என்று ஒலிக்கும், இற்றுப்போன இடம் மொத்தென்று அமுங்கிய சத்தம் தரும். ஸ்டெர்ன்டிரைவில் கால்பகுதியை மூடும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையையும் கையால் விரித்துப் பார்க்க வேண்டும். அது கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும். கடைசியாக எந்த ஆண்டு மாற்றினார்கள் என்று கேட்டு, ரசீதையும் காட்டச் சொல்ல வேண்டும்.