பாலாலயமே கோயிலாகிவிடலாகாது

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் ஆலயத்துக்கு 2017-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தேறிற்று. திருப்பணிக் காலத்தில் பூஜை தடைப்படலாகாதென்று மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வது ஆகம வழக்கம். திருப்பணி முடிந்தபின் பாலாலயத்துக்கு வேலையில்லை. இவ்விவேகம் நம் காரியாலயங்களின் கம்ப்யூட்டர்களுக்கும் இன்று அவசியமாயிருக்கிறது.

மைக்ரோசாப்ட் கம்பெனியார் 1995-ல் ‘இன்டர்நெட் எக்ஸ்புளோரர்’ என்னும் உலாவியை வெளியிட்டனர். மறு வருஷமே ‘ஆக்டிவ்எக்ஸ்’ என்னும் துணைக்கருவிகளுக்கு அதில் இடமளித்தனர். மின்கையொப்பம் முதலிய காரியங்கள் இவற்றால் சுலபமானபடியால், பல தேசங்களில் சர்க்கார்களும் பாங்கிகளும் அவ்வொரு உலாவியில் மாத்திரமே திறக்கும் தளங்களைக் கட்டிக்கொண்டன. தென்கொரியாவில் 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தையொட்டி எழுந்த மின்கையொப்ப முறை ஆக்டிவ்எக்ஸையே ஊன்றுகோலாகக் கொண்டு வளர்ந்தது. அம்முறைக்கிருந்த தனியுரிமை 2020 டிசம்பரில்தான் நீங்கிற்று.

2022 ஜூன் 15-ஆம் தேதி கம்பெனியார் தம் பழைய உலாவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டனர். அதை நம்பிய தளங்கள் கதியற்றுப் போகாவண்ணம், ‘எட்ஜ்’ என்னும் புதிய உலாவிக்குள்ளேயே பழைய இயந்திரத்தை ஓட்டும் ‘ஐஇ முறை’யை ஏற்படுத்தியிருக்கின்றனர். எந்தெந்த முகவரிகள் அம்முறையில் திறக்கவேண்டுமென்று காரியாலய நிர்வாகி ஒரு ஜாபிதா அமைத்துவிட்டால், அவை ஆக்டிவ்எக்ஸுடன் பழையபடி இயங்கும். ஆயினும் குறைந்தபட்சம் 2029 வரையில் என்பதே கம்பெனியார் தந்துள்ள வாக்கு. விண்டோஸ் கம்ப்யூட்டரன்றி வேறெதிலும் இவ்வசதி கிடையாது. ஏழைக் குடியானவன் கையிலுள்ள கைபேசிக்கு இதனால் யாதொரு பிரயோஜனமுமில்லை.

ஆகவே இதனைப் பாலாலயமென்றே கொள்ளல் வேண்டும். வேலை நின்றுவிடாதிருக்க அது உதவட்டும். அதற்குள் திருப்பணி நடக்கட்டும். ஓர் உலாவியின் விசித்திரங்களுக்கேற்ப எழுதப்பட்ட பக்கங்களை, எல்லா உலாவிகளும் ஒப்புக்கொண்ட பொதுத் தரத்தில் திரும்ப எழுதவேண்டும். ஆக்டிவ்எக்ஸ் செய்துவந்த காரியத்தை உலாவியைச் சாராத வேறு வழிக்கு மாற்றவேண்டும். செலவாகுமென்று சிலர் தயங்குவர். தவணை முடிந்தபின் அவசரத்தில் செய்யும் செலவு இதனினும் பெரிதாயிருக்கும்.

மின்னாளுகையில் திறந்த தரங்களையே கைக்கொள்ளவேண்டுமென்னும் கொள்கையை இந்திய சர்க்கார் 2010-லேயே வெளியிட்டிருக்கின்றனர். காகிதத்திலுள்ள அக்கொள்கை ஒப்பந்தங்களில் ஏறவேண்டும். ‘எந்த உலாவியிலும், கைபேசியிலும் திறக்கவேண்டும்’ என்ற நிபந்தனையில்லாத ஒப்பந்தத்தில் எந்த அதிகாரியும் கையொப்பமிடலாகாது. பிரஜையானவன் தன் சர்க்காரின் வாசலில் நுழைய அந்நியக் கம்பெனியொன்றின் திறவுகோலை எதிர்பார்த்து நிற்பது சுயராஜ்யத்துக்கு அழகன்று என்பதே நமது திடமான அபிப்பிராயம்.