ஆயிரம் படியும் ஒரு சாலையும்

மைசூர் சாமுண்டி மலைப் படிக்கட்டில் ஏறும் பெண்கள் சிலர் கையில் இரண்டு சின்னக் கிண்ணங்களோடு வருவார்கள். ஒன்றில் மஞ்சள், மற்றதில் குங்குமம். ஒவ்வொரு படியிலும் குனிந்து, குழைத்த மஞ்சளை விரலால் இழுத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்து அடுத்த படிக்குப் போவார்கள். ஆயிரம் படி என்றால் ஆயிரம் முறை குனிய வேண்டும். மகள் கல்யாணமோ, மகன் வேலையோ, கேட்டால் சொல்ல மாட்டார்கள். அவர்களைத் தாண்டி, காதில் பாட்டு மாட்டிய இளைஞர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடுகிறார்கள். உச்சியைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சன்னதிப் பக்கம் திரும்பாமலே இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை. இவர்கள் வராவிட்டால் படிகளில் புல் முளைத்திருக்கும்.

ஏனென்றால், கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் படியை விட்டுச் சாலைக்குப் போய் வெகு காலமாகிறது. படிகளை 17-ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் மைசூர் மன்னர் தொட்ட தேவராஜ உடையார். எழுநூறாவது படி வாக்கில் ஒரே கல்லில் வெட்டிய நந்தி உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து அடி உயரமும் இருபத்து நான்கு அடி நீளமும் கொண்ட அந்த நந்தியும் அவர் காலத்து வேலைதான். அன்று மேலே போக வேறு சுலப வழி கிடையாது. தெம்பு உள்ளவர் ஏறினார், இல்லாதவர் கீழேயிருந்தே கும்பிட்டார். நந்தி வரைக்கும் ஏறி மூச்சு வாங்கி, அதற்கே ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,060 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையில் அம்மனுக்கு முன்பே குடியிருந்தவர் சிவன். மகாபலேசுவரர் கோயில்தான் இங்கே பழையது, ஹொய்சளர் காலத்துக் கல்வெட்டுத் தொடர்பு உடையது. இன்று அம்மன் வரிசையில் நிற்கும் நூறு பேரில் அங்கே எட்டிப் பார்ப்பவர் சிலர்தான். உடையார்கள் சாமுண்டீசுவரியைக் குலதெய்வமாக வைத்துக் கொண்டாடியதில் மலையின் பெயரே அவள் பெயராயிற்று. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1827-இல் கோயிலைப் புதுப்பித்து ஏழு நிலைக் கோபுரம் எழுப்பினார். கோயிலுக்குள்ளேயே தன் மூன்று ராணிகளோடு கைகூப்பி அவர் சிலையாக நிற்கிறார். தரிசனம் முடிந்து வெளியே வரும் அவசரத்தில் பலர் அவரைக் கவனிப்பதில்லை.

இந்த அம்மனுக்குத் தமிழ்நாட்டோடும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தான வித்வானாக இருந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், சாமுண்டீசுவரியின் நூற்றெட்டு நாமங்களுக்கும் நாமத்துக்கொரு கீர்த்தனை என்று செய்து முடித்தார். மோகனகல்யாணியில் ‘புவனேச்வரிய’ என்று கச்சேரிகளில் நாம் தலையாட்டிக் கேட்பது அந்த வரிசையில் ஒன்று. அடுத்த மன்னர் ஜயசாமராஜேந்திர உடையாரும் தேவி மேல் கீர்த்தனைகள் இயற்றியவர். ராஜ்ஜியம் போனபின் 1964 முதல் 1966 வரை அவர் சென்னையில் நமக்கு ஆளுநராக இருந்தார். அவர் காலம் வரை தசரா ஊர்வலத்தில் 750 கிலோ தங்க அம்பாரியில் அமர்ந்து போனது மன்னர். மன்னர் மானியம் 1971-இல் ஒழிந்தது. அந்தக் காலகட்டத்திலிருந்து அம்பாரியில் போவது அம்மன். மாற்றங்களிலேயே இதை மட்டும் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எண்பதுகளில் ஈரோடு, சேலம், கோவைப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்குச் சாமுண்டி மலை என்றால் சுற்றுலாப் பஸ்தான். திம்பம் மலைப்பாதையில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்து முடிக்க, காலையில் மலை, பிறகு அரண்மனை, மிருகக்காட்சி சாலை, இருட்டியதும் பிருந்தாவனத்தில் நீரூற்று. மலைக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம். கோபுரத்தையும், கத்தியும் பாம்பும் பிடித்து மீசையோடு நிற்கும் மகிஷாசுரன் சிலையையும் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டும். அம்மனை விட அசுரனோடு படம் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். அந்தப் பயணத் திட்டம் இன்றைக்கும் அட்சரம் மாறாமல் அப்படியே இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கைதான் வேறு. நமக்கு ஆடி வெள்ளி போல அவர்களுக்கு ஆஷாட வெள்ளி. அன்றைக்குச் சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு, லலிதமகால் அரண்மனைப் பக்க மைதானத்திலிருந்து அரசுப் பஸ்களில் ஏற்றி அனுப்புகிறார்கள். 2023 ஜூனில் ‘சக்தி’ திட்டம் வந்து கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பஸ்களில் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, வருஷத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் நினைத்தபோது வருகிறார்கள். நகரப் பஸ் நிலையத்தில் 201-ஆம் எண் வண்டி வந்து நின்றதும் முதல் இரண்டு நிமிடத்தில் எல்லா இருக்கையும் நிரம்பிவிடுகிறது. கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அந்த இருக்கைகளில் இருப்பவர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்றும் யோசிக்கலாம்.

மனிதர் கதை இப்படி. மலையில் இருக்கும் மற்றவர்களின் கதையைச் சொல்ல ஜப்பான் வரை போய்வர வேண்டும்.

நாரா நகரத்தில் தோதாய்-ஜி புத்தர் கோயிலையும் கசுகா ஆலயத்தையும் ஒட்டிப் பெரிய பூங்கா இருக்கிறது. 1880-இல் பூங்காவாக அறிவித்தார்கள். கசுகாவின் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி வந்தது என்பது ஐதீகம். அதனால் மான்கள் தெய்வத்தின் தூதர்கள், ஒரு காலத்தில் மானைக் கொன்றால் மரண தண்டனை. அத்தனை பக்தியும் இரண்டாம் உலகப் போரின் பசிக்கு முன் நிற்கவில்லை. 1945-இல் மிஞ்சியவை 79 மான்கள். 1957-இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். இன்று ஆயிரத்து முந்நூறுக்கு மேல். வருகிறவர்கள் மானுக்குக் கொடுக்கத் தனி வறட்டு பிஸ்கட் விற்கிறது. அரிசித் தவிடும் மாவும் மட்டும் சேர்த்துச் சுட்டது, சர்க்கரை கிடையாது. விற்பனையில் ஒரு பங்கு மான் பராமரிப்புக்குப் போகிறது. தலையைக் குனிந்து குனிந்து மான்கள் பிஸ்கட் கேட்கும் அழகுக்கே உலகம் அங்கே போகிறது. அந்த ஊரிலும் 2019-இல் இறந்த மான்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் பை. அதன்பின் மான் தின்றாலும் கேடு செய்யாத காகிதப் பையை உள்ளூர்த் தொழில்காரர்கள் சேர்ந்து உண்டாக்கினார்கள்.

சாமுண்டி மலையில் மானின் இடத்தில் குரங்கு. தென்னிந்தியாவுக்கே உரிய குல்லாய்க் குரங்கு, நடுவகிடு எடுத்தது போலத் தலைமுடி. நந்திக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அர்ச்சனைப் பையோடு ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றக் குனிந்த நொடியில் பை அதன் கையில். முடிச்சை அவிழ்க்கவெல்லாம் இல்லை, பல்லால் ஒரு கிழி. தேங்காயை உருட்டிவிட்டது, ஊதுபத்தியை முகர்ந்து எறிந்தது, வாழைப்பழம் இரண்டையும் தோலோடு கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. பை மட்டும் காற்றில் சரிவில் இறங்கியது. அம்மாள், “ஆஞ்சநேயருக்குப் போச்சு, போகட்டும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாரா மான்களுக்கு ஒரு காலத்தில் கிடைத்த பக்தியும் இதே ஜாதிதான். கர்நாடகத்தில் பிளாஸ்டிக் பைக்கு 2016-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் சிப்ஸ் பாக்கெட்டைத் தடுக்க எந்தத் தடையாலும் முடியவில்லை. காட்டில் அத்தியும் இலந்தையும் தேடித் தின்ற பிராணியைப் பாக்கெட் கிழிக்கப் பழக்கியது நாம். கடித்தால் குற்றவாளியும் அதுதான்.

சரிவுகளில் காப்புக்காடு இருக்கிறது. மயில் அகவுவது படியில் நடப்பவருக்குக் கேட்கும். சிறுத்தையும் உண்டு. பெரும்பாலும் இருட்டியபிறகுதான் நடமாடும், தெருநாய்களைத் தேடி ஊர் ஓரம் வரை வரும். மலையடியில் வீட்டுமனைகள் பெருகப் பெருக, ‘சிறுத்தை ஊருக்குள் வந்தது’ என்ற செய்தியும் பெருகியது. மலை எங்கும் போகவில்லை, ஊர்தான் அதன் காலடிக்கு வந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். நாராவுக்குக் கடல் கிடையாது. உப்பிட்ட கானாங்கெளுத்தி மீனைச் சோற்றின் மேல் வைத்து, சீமைப் பனிச்சை இலையில் மடித்துக் கட்டுவது அவர்கள் வழக்கம். சாமுண்டி மலையில் மடிப்பது காகிதத்தில், பெயர் சுருமுரி. ஒரு பாத்திரத்தில் பொரி, அதன்மேல் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, பருவமானால் மாங்காய். வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, பச்சைமிளகாய் விழுது ஒரு கரண்டி நுனி. கடைசியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய், எலுமிச்சை. கரண்டியால் நாலு கிளறு, காகிதக் கூம்பில் கொட்டி நீட்டிவிடுவார்கள். பொரி நமுத்துப்போகும் முன் தின்ன வேண்டும், ஐந்து நிமிடம் தாமதித்தாலும் வீண். பம்பாய் பேல்பூரியின் இனிப்புச் சட்னி இதில் கிடையாது, அதனாலேயே இது உசத்தி என்பது என் கட்சி. தமிழ் முகத்தைக் கண்டதும் கடைக்காரர், “அண்ணா, காரம் கம்மியா போடவா?” என்று தமிழிலேயே கேட்பார். பக்கத்தில் கிளிமூக்கு மாங்காயைப் பூப்போலக் கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி வைத்திருப்பார்கள். எல்லாம் காகிதத்தில் முடியும் தீனி. குப்பை வந்தது இவற்றால் அல்ல, தண்ணீர் பாட்டிலும் பாக்கெட்டும் சாலை வழியாக ஏறி வந்தபோதுதான்.

சாலையைப் பழிக்க எனக்கு மனமில்லை. முழங்கால் தேய்ந்த பாட்டி கர்ப்பக்கிருகம் வரை போக முடிந்தது அதனால்தான். ஆனால் சாலை தனியாக வருவதில்லை. பின்னாலேயே வண்டி நிறுத்தப் பல அடுக்குக் கட்டடம், கட்டடத்துக்குக் கூடுதல் தண்ணீர், கூடுதல் சாக்கடை. 2021 மழையில் நந்திக்குப் போகும் சாலையில் ஒரு பக்கம் அப்படியே சரிந்து இறங்கியது. வண்டிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே காலத்தில் மலைக்கு ரோப்கார் விட வேண்டும் என்ற பேச்சும் சூடாக இருந்தது. மைசூர்வாசிகள் விடவில்லை. இருபது நிமிடத்தில் பஸ் ஏறும் மலைக்குக் கம்பியில் தொங்கிப் போவானேன் என்று கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்து 2022-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அது போன்ற கேள்வியை இன்னும் இரண்டு இடத்தில் கேட்கலாம். ஆஷாட வெள்ளியில் சொந்த வண்டியைக் கீழே நிறுத்திவைக்க முடிகிறதென்றால் ஞாயிற்றுக்கிழமை ஏன் முடியாது? நாராவில் மானுக்கு என்று ஒரே தீனியை விற்று, அந்தக் காசில் மானைக் காக்க முடிகிறதென்றால், இங்கே குரங்குக்கு எதுவும் போடாதே என்று சொல்ல நந்தியருகே இரண்டு ஆட்களை நிறுத்தச் சிறப்பு தரிசனச் சீட்டுக் காசு போதாதா?

படியில் ஏறுவதானால் விடியலில் தொடங்குங்கள். பஸ்ஸில் இறங்கி, நசர்பாத்தில் மைலாரி தோசை தீருமுன் போய்ச் சேரலாம். அந்தத் தெருவில் மைலாரி பெயரில் இரண்டு கடைகள், இரண்டுமே ‘நாங்கள்தான் பழையது’ என்கின்றன. வெண்ணெய் இரண்டிலும் ஒரே அளவுதான் வைக்கிறார்கள்.