விற்ற விமான நிறுவனத்துக்கு மேலும் ரூ.62,057 கோடி ஏன்? ஏர் இந்தியா விற்பனையும் நாடாளுமன்றமும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஏர் இந்தியாவை டாடா குழுமத்துக்கு ரூ.18,000 கோடிக்கு விற்கும் முடிவை மத்திய அரசு 2021 அக்டோபர் 8-ம் தேதி அறிவித்தது. இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 3-ம் தேதி மக்களவையில் தாக்கலான இரண்டாவது துணை மானியக் கோரிக்கையில் அதே நிறுவனத்தின் பழைய பாக்கிகளுக்காக ரூ.62,057 கோடி கேட்கப்பட்டது. விற்பனைக்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையா, இவ்வளவு பெரிய தொகை யாருக்குப் போனது என்பன போன்ற சந்தேகங்களுக்கான விளக்கங்கள்:

ஏர் இந்தியாவில் எதையெல்லாம் அரசு விற்றது?

ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகிய இரண்டின் 100 சதவீதப் பங்குகளும், விமான நிலையத் தரைப்பணிகளைக் கவனிக்கும் ஏர் இந்தியா சாட்ஸ் நிறுவனத்தின் 50 சதவீதப் பங்குகளும் விற்கப்பட்டன. இரு விமான நிறுவனங்களிடமும் சேர்த்து அப்போது 141 விமானங்கள் இருந்தன. அலையன்ஸ் ஏர், விமானப் பராமரிப்பு நிறுவனம், மற்றொரு தரைப்பணி நிறுவனம், ஓட்டல் நிறுவனம் ஆகிய நான்கு துணை நிறுவனங்கள் இந்த விற்பனையில் சேரவில்லை. அவை அரசிடமே தங்கின.

வாங்கியது யார்? போட்டி இருந்ததா?

டாடா சன்ஸ் நிறுவனத்துக்கு முழுமையாகச் சொந்தமான டலேஸ் பிரைவேட் லிமிடெட் வாங்கியது. ஆர்வம் தெரிவித்த ஏழு தரப்பினரில் ஐந்து தகுதி இழந்தன. இறுதியில் விலை குறிப்பிட்டவை இரண்டு மட்டுமே. டலேஸ் ரூ.18,000 கோடியும், தொழிலதிபர் அஜய் சிங் தலைமையிலான கூட்டு ரூ.15,100 கோடியும் குறிப்பிட்டன. அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச விலை ரூ.12,906 கோடி.

முன்பு ஒருமுறை விற்க முயன்று முடியாமல் போனதல்லவா?

ஆம். 2018-ல் 76 சதவீதப் பங்குகளை மட்டும் விற்க அரசு முன்வந்தபோது, கடைசி நாளான மே 31 வரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. மீதி 24 சதவீதத்தை அரசே வைத்துக்கொள்வதும், பெரும் கடன் சுமையும் வாங்குவோரைத் தயங்க வைத்ததாகக் கருதப்பட்டது. எனவே 2020 ஜனவரியில் 100 சதவீதமும் விற்பனைக்கு வந்தது. எவ்வளவு கடனை ஏற்பது என்பதை வாங்குபவரே குறிப்பிடலாம் என்று அதே ஆண்டு அக்டோபரில் நிபந்தனையும் தளர்த்தப்பட்டது.

ரூ.18,000 கோடியும் அரசுக் கருவூலத்துக்கு வந்ததா?

வரவில்லை. ரூ.18,000 கோடி என்பது நிறுவனத்தின் கடனையும் உள்ளடக்கிய மதிப்பு. அதில் ரூ.15,300 கோடி, டாடா ஏற்ற ஏர் இந்தியாவின் கடன். அரசுக்கு ரொக்கமாக வந்தது ரூ.2,700 கோடி. மொத்த மதிப்பில் குறைந்தது 15 சதவீதம் ரொக்கமாக இருக்க வேண்டும் என்பது ஏலத்தின் விதி. சரியாக அந்த 15 சதவீதமே கிடைத்தது.

அப்படியானால் மீதிக் கடன் என்ன ஆனது?

2021 ஆகஸ்ட் 31 நிலவரப்படி ஏர் இந்தியாவின் மொத்தக் கடன் ரூ.61,562 கோடி. டாடா ஏற்ற தொகை போக ரூ.46,262 கோடி, அரசுக்குச் சொந்தமான 'ஏர் இந்தியா அசெட்ஸ் ஹோல்டிங்' என்ற நிறுவனத்துக்கு மாறியது. விற்பனையை எளிதாக்குவதற்காகவே உருவாக்கப்பட்ட நிறுவனம் இது, 2019-லேயே ரூ.29,464 கோடிக் கடன் இதற்கு மாற்றப்பட்டுவிட்டது.

ரூ.62,057 கோடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கடன் ரூ.46,262 கோடி தவிர, எரிபொருள் நிறுவனங்கள் உள்ளிட்டோருக்குத் தர வேண்டிய நிலுவைகள் போன்ற பொறுப்புகளில், கையில் உள்ள நடப்புச் சொத்துகளை மிஞ்சிய தொகை ரூ.15,834 கோடியையும் அந்த அரசு நிறுவனம் ஏற்றது. இரண்டும் சேர்ந்தால் சுமார் ரூ.62,000 கோடி. அரசு உத்தரவாதத்துடன் வாங்கிய கடன்களையும் பழைய பாக்கிகளையும் தீர்ப்பதற்காக, அந்த நிறுவனத்தில் பங்கு மூலதனமாகப் போடவே நாடாளுமன்றத்திடம் ரூ.62,057 கோடி கேட்கப்பட்டது. இதைத் தவிர, அவசரகால நிதியிலிருந்து ஏர் இந்தியாவுக்கு ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தை ஈடுகட்ட ரூ.2,628 கோடி தனியாக இடம்பெற்றது.

இந்தப் பணம் டாடாவுக்குப் போனதா?

இல்லை. பணம் போய்ச்சேர வேண்டியிருந்தது வங்கிகள், கடன் பத்திரதாரர்கள், எரிபொருள் நிறுவனங்கள் முதலிய பழைய கடன்காரர்களுக்கு. அதேவேளையில், இந்தச் சுமை அரசின் பக்கம் நகர்ந்ததால்தான் குறைந்த கடனுடன் டாடா தொழிலைத் தொடங்க முடிந்தது என்பதும் உண்மை. விமர்சகர்களின் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

எல்லாம் போக, அரசின் மேல் விழுந்த நிகரச் சுமை எவ்வளவு?

கடனும் நிலுவையும் சேர்ந்த ரூ.62,096 கோடியிலிருந்து, டாடா தந்த ரூ.2,700 கோடி ரொக்கத்தையும், விற்பனையில் சேராத நிலம், கட்டடங்களின் மதிப்பான ரூ.14,718 கோடியையும் கழித்தால் சுமார் ரூ.44,679 கோடி என்பது அரசின் கணக்கு. டெல்லி வசந்த் விஹார் குடியிருப்பு, மும்பை நாரிமன் முனைக் கட்டடம் ஆகியவை இந்தச் சொத்துகளில் அடங்கின. அவை மதிப்பிட்ட விலைக்கு விற்றால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

விற்காமல் இருந்திருந்தால் இந்தச் செலவு மிச்சமாகியிருக்குமா?

மிச்சமாகியிருக்காது, கடன்களுக்கு அரசு உத்தரவாதம் இருந்ததால் எப்படியும் அரசே அடைக்க வேண்டியிருந்திருக்கும். நிறுவனம் நாளொன்றுக்கு சுமார் ரூ.20 கோடி இழப்பில் இயங்கியதாக அரசு கூறியது. 2009-10 முதல் ரொக்கமாகவும் உத்தரவாதமாகவும் தந்த ஆதரவு ரூ.1,10,276 கோடி.

விற்பனையை முடிவு செய்தது யார்? நாடாளுமன்றம் வாக்களித்ததா?

2017 ஜூன் 28-ல் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. இறுதி முடிவை அமித் ஷா, நிர்மலா சீதாராமன், பியூஷ் கோயல், ஜோதிராதித்ய சிந்தியா ஆகிய நான்கு அமைச்சர்கள் கொண்ட குழு எடுத்தது. நாடாளுமன்றத்தில் இதற்கென வாக்கெடுப்பு நடக்கவில்லை.

நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியமயமான நிறுவனத்தை அமைச்சர்கள் மட்டும் விற்க முடியுமா?

முடியும், காரணம் 1994-ல் நடந்த மாற்றம். விமானத் துறையைத் தேசியமயமாக்கிய 1953-ம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டம் அந்த ஆண்டு ரத்தாகி, ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சாதாரண கம்பெனிகளாக மாறின. இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் நிறுவனங்களின் நிலை வேறாக இருந்தது: தேசியமயச் சட்டங்களைத் திருத்தாமல் அவற்றைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட சட்டம் எதுவும் விற்பனையின்போது ஏர் இந்தியாவைக் காக்கவில்லை.

அப்படியானால் எம்.பி.க்களுக்கு இதில் வேலையே இல்லையா?

கேள்வி நேரத்தில் விளக்கம் கேட்கலாம். மக்களவை விதி 193-ன் கீழ் வாக்கெடுப்பு இல்லாத விவாதமும், விதி 184-ன் கீழ் வாக்கெடுப்புடன் கூடிய விவாதமும் கோரலாம். 2001-ல் பால்கோ அலுமினிய நிறுவன விற்பனையை ஏற்க மறுக்கும் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்பு வரை சென்று தோற்றது. இவற்றைவிட வலுவான பிடி பணம்தான்: அவையின் ஒப்புதல் இல்லாமல் ரூ.62,057 கோடியை அரசு செலவிட்டிருக்க முடியாது.

துணை மானியக் கோரிக்கையை அவை நிராகரித்திருந்தால் விற்பனை ரத்தாகியிருக்குமா?

ரத்தாகியிருக்காது, பங்கு விற்பனை ஒப்பந்தம் அக்டோபர் 25-லேயே கையெழுத்தாகிவிட்டது. கேட்ட தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தை மக்களவை உறுப்பினர்கள் கொண்டுவரலாம். ஆனால் அது நிறைவேறினால், அரசுக்கே பெரும்பான்மை இல்லை என்ற நெருக்கடியாகிவிடும். மாநிலங்களவை மானியக் கோரிக்கையை விவாதிக்கலாம், நிராகரிக்க முடியாது. நிதி ஒதுக்க மசோதாவை 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

நாடாளுமன்றக் குழுக்கள் என்ன செய்யும்?

போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் உள்ளனர். அதிகாரிகளை அழைத்து விசாரித்து அறிக்கை தரலாம். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. 22 பேர் கொண்ட பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராக இருப்பது 1967 முதல் மரபு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பிறகே அதன் வேலை தொடங்கும் என்பதால், விசாரணை பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் நடக்கிறது.

விற்ற விலை சரியா என்று தணிக்கை நடக்குமா?

நடக்க வாய்ப்புண்டு. 1999 முதல் 2003 வரை நடந்த பங்கு விற்பனைகளைத் தணிக்கை செய்து 2006-ல் அறிக்கை வெளியாகியுள்ளது. ஏர் இந்தியாவின் விமானக் கொள்முதல், 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் நடந்த இணைப்பு ஆகியவை பற்றி 2011-ல் வந்த அறிக்கையும், சீரமைப்புத் திட்டம் பற்றி 2017 மார்ச்சில் தாக்கலான அறிக்கையும் உண்டு. குறைந்தபட்ச விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதே இம்முறை முதலில் பார்க்கப்பட வேண்டியது.

விற்ற பிறகு ஏர் இந்தியாவைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா?

அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போனதும் அது அரசு கம்பெனி அல்ல. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கை வரம்பிலிருந்தும் வெளியேறுகிறது. பாதுகாப்பு, உரிமம், கட்டுப்பாடு பற்றி மற்ற விமான நிறுவனங்களைப் போலவே கேட்கலாம். பழைய கடனையும் நிலத்தையும் வைத்திருக்கும் அசெட்ஸ் ஹோல்டிங் நிறுவனம் அரசுடையது என்பதால், அது தணிக்கைக்கும் அவையின் கேள்விக்கும் தொடர்ந்து உட்பட்டது.

ஊழியர்களின் நிலை என்னவாக இருந்தது?

ஏர் இந்தியாவில் 8,084 நிரந்தர ஊழியர்களும் 4,001 ஒப்பந்த ஊழியர்களும் இருந்தனர். எக்ஸ்பிரஸில் 1,434 பேர். ஓராண்டுக்கு யாரையும் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்பது விற்பனையின் நிபந்தனையாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் குறைப்பதானால் விருப்ப ஓய்வுத் திட்டம் அளிக்க வேண்டியிருந்தது.

ஏர் இந்தியா என்ற பெயரை டாடா வேறு யாருக்காவது விற்க முடியுமா?

ஐந்து ஆண்டுகளுக்கு முடியாது. அதன் பிறகும் இந்தியருக்கு மட்டுமே மாற்றலாம்.

எப்போது கைமாறுவதாக இருந்தது?

2021 டிசம்பர் இறுதிக்குள் ஒப்படைப்பதே அரசின் இலக்காக இருந்தது. அதற்கு உரிய அனுமதிகள் கிடைப்பது உள்ளிட்ட முன்நிபந்தனைகள் நிறைவேற வேண்டியிருந்தது. ஒப்படைக்கும் நாள் வரையிலான இழப்பு அரசின் கணக்கில்தான் ஏறும் என்பதே ஏற்பாடாக இருந்தது.