படகில் ஒரு மடிப்புச் சைக்கிள்: தெரிவும் பராமரிப்பும்

கோடைகாலத்தில் ஒல்லாந்தின் படகுத்துறைகளுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். பாய்மரப்படகு ஒன்று கரையில் கட்டப்பட்டதும் அதன் உள்ளிருந்து ஒரு பொதி மேலே வரும். இரண்டு மூன்று மடிப்புகள் விரிந்ததும் அது துவிச்சக்கர வண்டியாகிவிடும். படகோட்டி அதிலேறிப் பாண் வாங்கப் புறப்பட்டு விடுவார். படகுத்துறைகள் பெரும்பாலும் ஊரின் ஓரத்திலேயே அமைந்திருப்பதால் கடைக்கும், மருந்தகத்துக்கும், ரயில் நிலையத்துக்கும் போய்வர இதைவிட மலிவான வழி கிடையாது.

மடிப்புச் சைக்கிளுக்கும் கடலுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1944 ஜூன் 6 இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய பிரித்தானிய, கனேடியப் படையினரிற் சிலர் இவ்வகை வண்டிகளைச் சுமந்து வந்தனர். இன்று பலரும் அறிந்த புறொம்ப்டன் வண்டியை அன்ட்ரூ ரிச்சி 1970களில் இலண்டனில் வடிவமைத்தார். டேவிட் ஹொன் 1982 இல் கலிபோர்னியாவில் டஹோன் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

வண்டியின் விலையைக் கேட்குமுன் படகின் சேமிப்பறையை அளக்க வேண்டும். அறையின் கொள்ளளவைவிட முக்கியமானது அதன் வாயின் அகலம். 16 அங்குலச் சில்லுடைய புறொம்ப்டன் மடிந்த நிலையில் ஏறத்தாழ 59 சென்ரிமீற்றர் நீளமும், 57 உயரமும், 27 அகலமும் கொண்டது. 20 அங்குலச் சில்லு வண்டிகள் கல் பாவிய தெருக்களில் இலகுவாக ஓடும். ஆனால் கூடுதல் இடம் பிடிக்கும். வாங்க எண்ணும் வண்டியின் அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து, அது அறைக்குள் இறங்குகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்தது எடை. சாதாரண மடிப்பு வண்டி 11 முதல் 13 கிலோ வரை இருக்கும். கடையில் அதைத் தூக்குவது எளிது. அசையும் படகில் ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தூக்கிக் கரையில் வைக்க இயலுமா என்பதே கேள்வி. சிறு தோணியில் ஏற்றும்போது வண்டியை ஒரு கயிற்றால் படகுடன் பிணைத்துக்கொள்ள வேண்டும்.

உலோகங்களின் பகை

அலுமினியச் சட்டம் கறள் பிடிக்காது என்று நம்பிப் பலர் வாங்குகின்றனர். அது பாதி உண்மையே. அலுமினியமும் உருக்கும் தொட்டு நிற்குமிடத்தில் உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அரிக்கப்படுவது அலுமினியமே. படகின் அடியில் துத்தநாகத் துண்டு பொருத்துவதும் இதே விதியைக் கொண்டுதான். துத்தநாகம் தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கிறது. சைக்கிளுக்கு அத்தகைய காவல் இல்லை. ஆகவே மரையாணிகளை அவ்வப்போது கழற்றிக் கிறீஸ் பூசி இறுக்க வேண்டும். ஆசனத் தண்டை வெளியே இழுத்துத் துடைத்துச் செருக வேண்டும். அதற்கு எண்ணெய் பூசினால் வழுக்கும். மடிப்பு மூட்டில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் அந்த மூட்டு முறிந்தால் விழுபவர் ஓட்டுநரே.

பற்சில்லுகள் வெளியே தெரியும் கியரைவிட, அச்சுக்குள் அடங்கிய கியர் உப்புக் காற்றை நன்கு தாங்கும். சங்கிலிக்குப் பதிலாகப் பட்டி பூட்டிய வண்டிகளும் உண்டு. 1987 இல் வெளிவந்த ஸ்ரைடா அத்தகையது.

எண்ணெய்க்கு முன் நன்னீர்

காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகிவிடும். கடற்காற்றிலோ அத்தகைய ஈரம் வழமையானது. எனவே உப்பின்மேல் எண்ணெய் பூசுவதாற் பயனில்லை. முதலில் வாளியில் நன்னீர் எடுத்து ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பின்னரே சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். பிறேக் கட்டைகளில் எண்ணெய் படலாகாது. ஈரமான வண்டியைப் பைக்குள் மூடிவைப்பது வெளியே விடுவதைவிடக் கேடானது.

1932 இல் கட்டி முடிக்கப்பட்ட 32 கிலோமீற்றர் நீள அணை ஒல்லாந்தின் உட்கடலொன்றை ஐசல்மேர் என்னும் நன்னீர் ஏரியாக மாற்றியது. அணைக்கு வெளியே உள்ள வாடன் கடல் இன்றும் உப்புநீரே. அங்கிருந்து மதகு வழியாக ஏரிக்குள் வரும் படகோட்டி, வண்டியைக் கழுவும் வேலையை அன்றே முடித்துவிடலாம்.

வண்டியைத் தாழ்வான இடத்தில் அசையாதபடி கட்டிவைக்க வேண்டும். திசைகாட்டிக்கு அருகில் வைக்கவே கூடாது. உருக்கு அதன் ஊசியைத் திருப்பிவிடும். இருளில் அந்தப் பிழை படகையே மணற்திட்டில் ஏற்றிவிடலாம்.

படகில்லாத வாசகருக்கும் இதிற் பாடமுண்டு. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பனிக்காலத்தில் தெருவில் கொட்டப்படும் உப்பு, விடியுமுன் வேலைக்குப் போகும் தொழிலாளியின் சைக்கிளையும் இதே முறையில்தான் தின்கிறது. விலையுயர்ந்த வண்டி வாங்க எல்லோராலும் இயலாது. ஆனால் பழைய வண்டியாயினும், வாரத்தில் ஒரு வாளி நன்னீரும் பத்து நிமிட நேரமும் அதற்குக் கிடைத்தால், கவனிப்பாரற்ற புதிய வண்டியைவிட அது நீண்டகாலம் உழைக்கும்.