இளவரசனை யார் காப்பாற்றுவார்?

2026 ஜனவரியில் ஒரு மாலை. டில்லிக் குளிருக்குக் கேட்கவா வேண்டும்! மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பேரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"கதம், தாத்தா!" என்றான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தமிழில் வந்தாலும் துக்கம் என்னவோ இந்தியில்தான் வருகிறது.

"என்னடா முடிஞ்சு போச்சு?"

"பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. இனிமே வராதாம். அப்பாவும் நானும் எத்தனை வருஷமா வெயிட் பண்ணிட்டிருக்கோம்!"

ஏதோ கணிப்பொறி விளையாட்டு, இன்றைக்கு அழுவான், நாளைக்கு மறந்துவிடுவான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரவு வேலையிலிருந்து வந்த என் மகனும் அதே முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தான். அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குர்காவ்னில் இத்தகைய ஆட்டங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. "இன்னைக்கு எங்க டீம்லேருந்து இன்னும் ரெண்டு பேர் போயிட்டாங்கப்பா. தீபாவளிக்கு அப்புறம் இதோட எட்டு பேர்" என்றான்.

பேரனின் துக்கமும் மகனின் கவலையும் ஒன்றுதான் என்பது எனக்குப் புரிய ஒரு வாரமாயிற்று. புரிந்ததை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நம் பிள்ளைகளில் பலர் இந்தத் தொழிலுக்குப் போகிறார்கள், அல்லது போக ஆசைப்படுகிறார்கள். அதைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு தம்பி, ஒரு காமிரா

1990-களில் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பிளாக்கில் யாராவது ஒருவர் வீட்டில் கணிப்பொறி இருக்கும். அந்த வீட்டு வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் குவிந்து கிடக்கும். நேரு பிளேஸிலிருந்து யாரோ கொண்டுவந்த ஃபிளாப்பி கைமாறிக் கைமாறி வரும். அப்போது எல்லாப் பிள்ளைகளையும் கட்டிப் போட்ட ஆட்டம் இந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. வெள்ளை உடை உடுத்த ஒரு வாலிபன் அறுபது நிமிடங்களுக்குள் சிறையையும் அரண்மனையையும் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். என் மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அதை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். தம் தம்பி டேவிடை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோவில் படம் பிடித்தார். அதை ஒவ்வொரு சட்டமாக எடுத்து, அதன் மேல் வரைந்து அந்த வாலிபனுக்கு உயிர் கொடுத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் 1989-இல் ஆட்டம் வெளிவந்தது. அந்த வாலிபன் ஓடி நிற்கும்போது கால் சற்றுச் சறுக்கும். விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடல் ஆடும். பிள்ளைகள் மயங்கியது அதில்தான்.

கை மாறிய கதை

பிற்பாடு இந்தப் பெயர் பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்திடம் வந்தது. 1986-இல் கிய்மோ சகோதரர்கள் ஐவர் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கனடா நாட்டு மாண்ட்ரீல் கிளை 2003-இல் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்ற புதிய ஆட்டத்தைத் தந்தது. தவறி விழுந்தால் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் புதுமை. மெக்னரும் அதில் எழுத்தாளராகக் கூட இருந்தார். பேட்ரிஸ் டெஸிலே என்பவர் படைப்பு இயக்குநர். ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

அடுத்த ஆண்டே அடுத்த பாகம் வந்தது. அதில் மெக்னர் பங்கேற்கவில்லை. ரத்தமும் கோபமுமாக இருந்த அதன் போக்கு தமக்கு உவப்பாக இல்லை என்று அவரே பிறகு சொன்னார். டெஸிலேயோ அதே தொடருக்கென ஆரம்பித்த ஒரு யோசனையை வளர்த்து, 2007-இல் 'அசாஸின்ஸ் க்ரீட்' என்ற தனி ஆட்டமாக்கினார். அது யூபிசாஃப்டுக்குப் பொன் முட்டையிடும் வாத்தாயிற்று. ஆனால் அவரும் 2010-இல் விலகினார். வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். அது திவாலானபோது, அவர் இருந்த ஸ்டூடியோவை 2013-இல் வாங்கியது யார் தெரியுமா? அதே யூபிசாஃப்ட்தான்! சில மாதங்களில் அவர் வெளியே அனுப்பப்பட்டார். 2014-இல் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ தொடங்கினார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெஸிலே போன பிறகும் 'அசாஸின்ஸ் க்ரீட்' நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்தது, விற்றது. ஆகவே ஆட்கள் போவதால் மட்டுமே ஒரு பெயர் அழிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. அப்படியானால் ரசிகர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? அதற்கான விடை நம் நாட்டிலேயே இருக்கிறது.

நமக்கு வந்த பொறுப்பு

யூபிசாஃப்ட் 2008-இல் புனேயில் ஒரு ஸ்டூடியோவைக் கேம்லாஃப்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. 2018-இல் மும்பையில் இன்னொன்றைத் திறந்தது. 2020 செப்டம்பரில், 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பு இந்த இரண்டு இந்திய ஸ்டூடியோக்களிடம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. என் மகன் அன்று வீட்டுக்கு மிட்டாய் வாங்கிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவன் வேலை செய்வது வேறு கம்பெனி. ஆனாலும் உதவியாளனாகவே இருந்த நம் நாட்டுக் கலைஞன் இனி முதலாளாக நிற்பான் என்ற பெருமை!

பெருமை அன்றைக்கே குறைந்தது. முன்னோட்டப் படத்தைப் பார்த்த ரசிகர்கள், "பழைய படம் மாதிரி இருக்கிறதே!" என்று குறை சொன்னார்கள். 2021 ஜனவரி 21 அன்று வர வேண்டியது மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு தேதியே இல்லாமல் தள்ளிப்போயிற்று. 2022 மே மாதம் வேலை புனே, மும்பையிடமிருந்து மாண்ட்ரீலுக்கு மாற்றப்பட்டது. அது பழைய ஆட்டம் பிறந்த வீடு. ஆனால் டெஸிலே அங்கே இல்லை. வீடு அதேதான், சமைத்தவர் வேறு.

இதற்கிடையில் 2024 ஜனவரியில் பிரான்ஸின் மோன்பெலியே கிளை 'தி லாஸ்ட் க்ரௌன்' என்ற வேறொரு இளவரசன் ஆட்டத்தைத் தந்து நல்ல பெயர் வாங்கியது. என் பேரன் ரசிகனானது அதில்தான். அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் குழு கலைக்கப்பட்டு, அதில் இருந்தவர்கள் வெவ்வேறு வேலைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட செய்தி வந்தது. நன்றாகச் செய்த குழுவுக்கே இந்தக் கதி! கடைசியில் 2026 ஜனவரியில், புதுப்பிக்கும் திட்டத்தையே கைவிடுவதாக யூபிசாஃப்ட் அறிவித்துவிட்டது. 2021-இல் வர வேண்டிய ஆட்டம், மூன்று ஊர்க் கைகள் பட்டும் பிறக்காமலே போயிற்று.

ஃபைல் இல்லாத ஆபீஸ்

நான் மகனிடம் கேட்டேன்: "சாஸ்திரி பவனில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். எத்தனை பேர் டிரான்ஸ்பரில் போனார்கள், வந்தார்கள்! சர்க்கார் நின்றுவிட்டதா என்ன?"

அவன் சிரித்தான். "உங்களுக்கு ஃபைல் இருந்ததுப்பா. முதல் நோட்டிங்லேருந்து எல்லாம் அதுல இருக்கும். புதுசா வர்றவர் படிச்சுக்கலாம். எங்க வேலைல பாதி எழுதி வைக்க முடியாது. ஒருத்தன் தாவினா எத்தனை நொடி ஆகாசத்துல இருக்கணும், தரையில இறங்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்கணும், இதெல்லாம் பண்ணிப் பண்ணி, தப்புப் பண்ணி, கைக்கு வர்றது. அந்த ஆள் போனா அதுவும் கூடவே போயிடும்."

அப்போது எனக்குக் கரோல்பாக் மெஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. பிரம்மச்சாரிக் காலத்தில் நாங்கள் சாப்பிட்ட இடம். சமையல்காரர் திடீரென்று பாலக்காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அதே போர்டு, அதே பருப்பு, அதே மிளகாய்ப் பொடி. ஒரே வாரத்தில் சாம்பார் வேறாகிவிட்டது. முதலாளி புரிந்துகொண்டார். அடுத்த சமையல்காரர் கிளம்பும் முன் ஆறு மாதம் ஒரு பையனை அவரிடம் நிறுத்தி வைத்தார். அதன் பிறகு யார் போனாலும் ருசி போகவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஆள் போவது எந்தத் தொழிலிலும் உண்டு. போகிறவர் இருக்கிறவருக்குச் சொல்லிக் கொடுக்க அவகாசம் கிடைத்ததா, அதுதான் கேள்வி. ஒரு ஆட்டம் முடிந்ததும் குழுவைக் கலைத்தால், இருப்பவர்களை இரவு பகலாகக் கசக்கினால், வருடக் கணக்கு நேராக வேண்டும் என்று ஆட்களைக் குறைத்தால், சொல்லிக் கொடுக்க யார் மிச்சம்? 2023-இல் மட்டும் உலகெங்கும் இந்தத் தொழிலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்ததாகக் கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

போகாமல் இருந்தவர்கள்

மாற்று வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானின் நின்டெண்டோவைப் பாருங்கள். மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ 1977-இல் சேர்ந்தவர். 1985-இல் வந்த முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் அவரோடு பணியாற்றிய தகாஷி தேஸுகாதான் 2023-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' ஆட்டத்துக்கும் தயாரிப்பாளர். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்! இளைஞர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

அந்த நிறுவனத்துக்கும் கெட்ட காலம் வந்தது. ஏன் ஆட்களைக் குறைக்கவில்லை என்று 2013-இல் பங்குதாரர்கள் கேட்டார்கள். வேலை போகுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர்களால் மக்கள் மனதைத் தொடும் ஆட்டங்களைச் செய்ய முடியாது என்ற கருத்தில் பதில் சொன்னார் தலைவர் சடோரு இவாட்டா. மறு ஆண்டு விற்பனை சரிந்தபோது தம் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015-இல் அவர் காலமானபோது உலகெங்கும் குழந்தைகள் வருந்தினார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

நம் பக்கத்து நிலவரம்

நம் நாட்டில் இந்தத் தொழில் பெரும்பாலும் பிறருக்குச் செய்து கொடுக்கும் தொழிலாகவே வளர்ந்தது. 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா, ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கைக்குப் போய், 2019-இல் ராக்ஸ்டாருக்கு விற்கப்பட்டது. 2004-இல் நம் குர்காவ்னில் தொடங்கிய லக்ஷ்யா டிஜிட்டலை 2014-இல் கீவேர்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. வாங்குவதும் விற்பதும் வியாபாரம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெளிநாட்டில் ஒரு ஆட்டம் நின்றால், வேலைக்கு வந்தவர்களுக்கு இங்கே நாற்காலி ஆடும் என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளையோ பெண்ணோ இந்தத் தொழிலுக்குப் போவதானால் தடுக்காதீர்கள். நல்ல தொழில்தான். ஆனால் சம்பளத்தை மட்டும் கேட்காமல் வேறு சிலவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி சொந்த ஆட்டம் செய்கிறதா, பிறர் வேலையைச் செய்கிறதா? மேலே இருப்பவர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? புதியவருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரை நியமிக்கிறார்களா? ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் தொழிலாளியின் பெயர் வருமா? இவற்றோடு, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைப் பாங்கில் தனியாக வைக்கவும் சொல்லுங்கள்.

அந்தப் பெயர்ப் பட்டியல் விஷயம் எனக்குப் பேரன் சொல்லித்தான் தெரியும். சில வருஷங்களுக்கு முன் மகன் வேலை செய்த ஒரு ஆட்டத்தைப் பேரன் ஒரு மாதம் போராடி முடித்தான். கடைசியில் பெயர்கள் ஓடின. சினிமாவில் வருவது போலத்தான். ஆனால் இருபது நிமிடம்! அப்பா பெயர் எங்கே என்று கண் கொட்டாமல் பார்த்தான். கம்பெனி பெயர் மட்டும் ஒரு வரி வந்து போயிற்று. "அப்பா நிஜமாவே இதுல இருந்தாரா தாத்தா?" என்று கேட்டான். என் மகன் திரையில் ஒரு கோட்டை வாசலைக் காட்டி, "அந்தக் கல்லெல்லாம் நான் வெச்சதுடா" என்றான்.

இப்போது மகனுக்குப் பெங்களூரில் வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சொந்த ஆட்டம் செய்கிற சிறிய ஸ்டூடியோ. பேரனின் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். 1978-இல் கும்பகோணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் டில்லிக்கு வந்தேன். இவர்கள் ஆகாய விமானத்தில் போகிறார்கள். போவதை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் சொன்னேன்: "போறதுக்கு முன்னாடி, தெரிஞ்சதை யாருக்காவது சொல்லிக் கொடுத்துட்டுப் போடா." அவன் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டானாம். தினமும் மாலை ஆறு மணிக்குமேல் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருடன் ஒரு மணி நேரம் உட்காருகிறான். ஒரு பெண் பீகார்க்காரி, ஒரு பையன் நம் திருநெல்வேலிக்காரன். கம்பெனி கேட்டுச் செய்வதல்ல. வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகிறது. மருமகள் முணுமுணுக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.