அரியலூர்ப் புதைபடிவங்களும் அருங்காட்சியக உருவாக்கமும்: இடக்குறிப்பின் பங்கு

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செல்வரும் மருத்துவரும் தம் இல்லங்களில் அமைத்த வியப்புப் பொருள் அறைகளே அருங்காட்சியகத்தின் முன்வடிவம் என்பர். ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பு 1753இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அடித்தளமாயிற்று. இவ்வறைகளில் பொருளின் அருமையே முதன்மை பெற்றது. அது கிடைத்த இடம் பெரும்பாலும் பின்தள்ளப்பட்டது.

தென்னிந்தியக் கடற்படிவங்களும் முதலில் தனியார் சேகரிப்பாகவே வெளியேறின. சென்னை மாகாண ஆட்சிப்பணியினரான கே, கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். களத்தைக் காணாத அறிஞருக்குச் சிப்பியின் வடிவம் கிடைத்தது. அடுக்கின் வரிசை கிடைக்கவில்லை.

அக்குறையை நீக்கியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு. 1862இல் வெளியான தம் அறிக்கையில் அவர் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். ஊர்ப்பெயரே பாறையின் பெயராயிற்று. அவ்வரிசையை அடிப்படையாகக் கொண்டே ஸ்டொலிச்கா இப்படிவங்களை விரிவாக வகைப்படுத்தினார். விந்தைப்பொருள் சான்றாக மாறியது இங்கேதான்.

பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் பெயர்த்தெடுக்கப்படாமல் கிடந்த இடத்திலேயே காக்கப்படுகிறது. இங்கு இடமே காட்சிப்பொருளின் பகுதி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் நிலை வேறு. சிமென்டுக்காக வெட்டப்படும் அடுக்கிலிருந்து குறிப்பின்றி எடுக்கப்படும் அம்மோனைட்டு, எந்தக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டாலும், மீண்டும் ஸ்லோன் காலத்து விந்தைப்பொருளே. வெட்டப்பட்ட அடுக்கோ திரும்பக் கிடைப்பதில்லை.